குழலின் தொண்டை

நேற்று ஒன்றாம் கோட்டோடு நின்ற அளவுக் கம்பி, இன்று காலை நான்காவது கோடு வரை வழுக்கிக்கொண்டு துப்பாக்கிக் குழலுக்குள் போனது.

இமனாலி கம்பியை உருவித் துடைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி விட்டுப் பார்த்தான். நான்கேதான். ஆண்டுக்கொரு முறை நரின் நகரத்திலிருந்து இந்த மலை வேட்டை முகாமுக்கு வந்து துப்பாக்கிகளைச் சோதித்துவிட்டுப் போவது அவன் வேலை. சுடச் சுட, தோட்டா கிளம்பும் இடத்தில் வெடிமருந்தின் அனல் குழலின் எஃகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அந்த இடத்துக்குத் தொழிலில் தொண்டை என்று பெயர். புதுக் குழலில் கம்பி முதல் கோட்டைத் தாண்டாது. நான்காவதுக்குப் போக ஆயிரக்கணக்கில் சுட்டிருக்க வேண்டும். இந்தத் துப்பாக்கியையோ, கோடையில் பனியாற்றின் விளிம்பு உருகியபோது முகாம் காவலாளி ஷைலோபேக் கண்டெடுத்ததிலிருந்து யாரும் சுடவே இல்லை. இதற்குப் பொருந்தும் தோட்டாகூட முகாமில் கிடையாது.

கம்பியில்தான் கோளாறோ என்று மற்ற ஐந்து துப்பாக்கிகளிலும் விட்டுப் பார்த்தான். ஐந்தும் நேற்றைய அளவையே காட்டின.

"ஷைலோபேக் அண்ணே, இதை எடுத்துச் சுட்டீங்களா?"

அடுப்புக்குள் வறட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தவர் திரும்பினார். "எதை வச்சுச் சுடுறது? நீ திங்கிற காஞ்ச தயிர் உருண்டைய வச்சா?"

கேலி பழைய கேலிதான். குரல் மட்டும் கரகரத்தது. நேற்று முழுக்க வாய் ஓயாமல் பேசிய மனிதர்.

"சளி பிடிச்சிருக்கா?"

"தெரியல. உள்ள யாரோ அரம் போடுற மாதிரி இருக்கு."

இமனாலி வந்து சேர்ந்த அன்றே பனி சரிந்து பாதையை மூடிவிட்டது. அதற்குப் பிறகு விழுந்த பனி சன்னலை மறைத்து, கதவை ஒரு சாண் கூடத் திறக்க விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. அறைக்குள் நீலம் பாய்ந்த மங்கல் வெளிச்சம். வறட்டிப் புகையும் ஆட்டுக்கொழுப்பும் துப்பாக்கி எண்ணெயும் கலந்த வாடை. கூரையில் பனியின் பாரம் தாங்காமல் உத்தரம் அவ்வப்போது விடும் முனகல். வெளியுலகத்தோடு மிச்சமிருந்தது மேசைமேல் இருந்த வானொலிக் கருவி ஒன்றுதான். தினமும் காலை பதினொரு மணிக்கு நரின் அலுவலகத்திலிருந்து ஜூமகுல் கூப்பிடுவாள்.

நண்பகலில் மனசு கேட்காமல் மறுபடி அளந்தான். ஐந்து. ஷைலோபேக்கின் பேச்சு கிசுகிசுப்பாகியிருந்தது. பொழுது சாயும்போது ஆறு. அவர் உதடுகள் அசைந்தன, ஒன்றும் கேட்கவில்லை.

"வாயைத் திறங்கண்ணே, பார்க்கிறேன்."

குழலுக்குள் பார்க்கும் சின்ன விளக்கை அவர் வாய்க்குள் காட்டினான். தேய்ந்த துப்பாக்கியின் தொண்டை, வறண்ட ஏரித் தரைபோல் பாளம் பாளமாக வெடித்திருக்கும். அதே வெடிப்புகள். சதையில். இரத்தம் இல்லை, சாம்பல் நிறம். அவற்றுக்கும் கீழே, குழலுக்குள் வெட்டியிருப்பதைப் போலவே வலப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி இறங்கிய நேர்த்தியான முறுக்குக் கோடுகள்.

விளக்கைச் சட்டென்று வெளியே இழுத்தான்.

"ஒண்ணுமில்லண்ணே. சரியாயிடும்."

சொன்ன பிறகுதான் கவனித்தான். அவன் குரலும் கரகரத்தது.

அளக்க அளக்கத்தான் ஆழமாகிறது என்று தோன்றியதும் கம்பியை இரண்டாக ஒடித்து அடுப்பில் போட்டான். எண்ணெய்த் துணியைச் சுருட்டித் துப்பாக்கிக் குழலின் வாயில் இறுக்கி அடைத்து, மேசையில் கிடத்தினான். இருவருமாகக் கதவைத் தோளால் முட்டினார்கள். பனி ஒரு விரல்கூட நகரவில்லை. தொண்டை எரிந்தது. தேநீர் குடித்தான், இன்னும் எரிந்தது.

மறுநாள் பதினொரு மணி. கருவி கரகரத்தது.

"இமனாலி அண்ணே, கேக்குதா? பனி தள்ளுற டிராக்டர் இன்னைக்கு மட்டும்தான் நம்ம பக்கம். விட்டா இனி வசந்தத்துலதான். அனுப்பவா?"

பொத்தானை அழுத்தினான். வாயைத் திறந்தான்.

காற்று. வெறும் காற்று.

"வேணாம்மா ஜூமகுல்."

அவன் குரல். தெளிவாக, நிதானமாக. அவன் வாயிலிருந்து அல்ல. மேசையில் கிடந்த துப்பாக்கியிலிருந்து.

பொத்தானை விட்டுவிட்டான்.

"நெசமாவா? வீட்டுல அண்ணி தேடுறாங்களே."

மறுபடி அழுத்தி, ஒலிவாங்கியை மேசையில் அடித்தான். அடித்தான். அடித்தான்.

"என்ன சத்தம் அது?"

"காத்து. கதவ அடிக்குது," என்றது அவன் குரல். "மாவு இருக்கு, கறி இருக்கு. அவகிட்ட கவலப்பட வேணாம்னு சொல்லு."

அதை ஒட்டியே ஷைலோபேக்கின் குரல், பழைய குறும்போடு: "ரெண்டு பேரும் பேசிப் பேசியே பொழுத ஓட்டுறோம் தாயீ!"

ஷைலோபேக் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்.

ஜூமகுல் சிரித்தாள். "சரி அண்ணே, பேட்டரிய மிச்சம் பிடிங்க. வசந்தத்துல கூப்பிடுறேன்."

கருவி அடங்கியது.

இமனாலி கத்தினான். சத்தம் வரவில்லை.

மேசைமேல், துப்பாக்கிக் குழலின் வாயில் அடைத்த துணி மெல்ல உப்பியது. தணிந்தது. உப்பியது.