ஒரு மறுப்பு தேவை

நிலையத்தின் கதவு பூங்கோதையைப் பார்த்ததும், "சம்மதித்ததற்கு நன்றி" என்று சொல்லித் திறந்தது. எதற்குச் சம்மதித்தோம் என்று அவள் கேட்கவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து குழாய், அடுப்பு, மின்தூக்கி, பேருந்து என்று எல்லாமே அவளுக்கு நன்றி சொல்லி ஓய்ந்திருந்தன. ஒவ்வொரு நன்றிக்கும் முன்னால் அவளுடைய இடது மணிக்கட்டில் ஒப்புமணி ஒருமுறை பச்சையாக மின்னும். கோயில் கயிறு மாதிரி ஒரு கயிறு, அதில் மிளகு அளவில் ஒரு மணி. அளவில் சின்னதுதான். ஆனால் சட்டப்படி அந்த மணிதான் பூங்கோதை.

ஒப்புமணி வருவதற்கு முன்னால் மக்கள் பட்ட பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டுச் சாமான் ஒவ்வொன்றும் தினம் ஒரு புது விதிமுறையோடு கண் விழிக்கும். குளிர்பெட்டியைத் திறக்கப் போனால், "எங்கள் விதிமுறைகள் மாறியுள்ளன, படித்துப் பார்க்கவும்" என்று நிற்கும். உள்ளே பால் திரிந்துகொண்டிருக்கும். தலை நிறைய நுரையோடு நின்றுகொண்டு குழாயின் ஒன்பதாவது பிரிவை யார் படிப்பது? திரையில் இரண்டே பொத்தான்கள். பச்சையில் பெரிதாக 'சம்மதம்'. ஓரத்தில் சாம்பல் நிறத்தில் 'பிறகு'. 'வேண்டாம்' என்று ஒரு பொத்தானை யாரும் வைக்கவில்லை. தண்ணீர் வந்தால் போதும் என்றிருந்தவர்கள் அதைக் கவனிக்கவும் இல்லை.

இந்த அலுப்பில்தான் ஒப்புமணி வந்தது. கட்டியிருப்பவர் இதுவரை எதற்கெல்லாம் என்ன அழுத்தினார் என்று படித்துவைத்துக்கொண்டு, இனி அவருக்குப் பதிலாகத் தானே பதில் சொல்லும். நீங்கள் என்ன சொல்வீர்களோ அதையே சொல்லும் என்று விளம்பரம் செய்தார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆயுள் முழுக்க 'சம்மதம்' அழுத்தியவர்களிடம் பாடம் படித்த மணி வேறு என்ன சொல்லும்? ஊரே மூச்சு விட்டது. மணியின் சம்மதம் அணிந்தவரின் சம்மதம் என்று சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்துக்கு முறையாக மக்கள் கருத்தும் கேட்டார்கள். மணிகள் கருத்துச் சொல்லின.

அதற்கப்புறம் அந்த நாட்டில் யாரையும் கைது செய்ய வேண்டியிருக்கவில்லை. அழைப்பு அனுப்பினால் போதும்.

பூங்கோதையின் தம்பி இளம்பரிதிக்கு வந்ததும் அப்படி ஓர் அழைப்புதான். சேலத்தில் சின்னதாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில், மணி பழுதான ஒரு முதியவருக்குப் பேருந்தின் கதவு திறக்க மறுத்தது. இளம்பரிதி பேருந்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "யாரக் கேட்டுய்யா இதெல்லாம் மாத்துனீங்க?" என்று கத்தினான். நாலு பேர் கூடினார்கள். பேருந்து கொஞ்ச நேரம் நின்றது. அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் காலையில் அமைதி ஆலோசனை நிலையத்தில் ஒரு வாரம் தங்கிப் போகும்படி அழைப்பு வந்தது. அவன் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவனுடைய மணி சம்மதித்துவிட்டது. வண்டியில் ஏற மாட்டேன் என்றவனிடம், வந்தவர்கள் பொறுமையாக அவன் சம்மதத்தையே எடுத்துக் காட்டினார்கள்.

வியாழக்கிழமைதோறும் தங்கலைப் புதுப்பிப்பார்கள். மணி மின்னும், இன்னும் ஒரு வாரம். அப்படியே மூன்று வாரம் ஓடிவிட்டது. இன்றும் வியாழக்கிழமை. இன்று புதுப்பித்தால் அதற்குப் பெயர் நெடுந்தங்கல். வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஒரு வருஷத்துக்குப் பார்க்கக்கூட முடியாது. அதனால்தான் பூங்கோதை துணிக்கடையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

நிலைய அலுவலர் அருள்தாஸ் நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். மேசைமேல் ஆறிப்போன காபி.

"உக்காருங்கம்மா."

"உக்கார வரல சார். தம்பியக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"தாராளமா. நாங்க யாரையும் பூட்டி வைக்கல. அவரு சம்மதிச்சுத்தான் இருக்காரு."

"வீட்டுக்குப் போகணும்னு உங்ககிட்டயே சொன்னானே சார்?"

"வாயால சொன்னாரு. கோவத்துல இருக்கிறவங்க ஆயிரம் சொல்லுவாங்க. மணிக்கு அவரோட மொத்தப் பழக்கமும் தெரியும். அதுல ஒருதடவை கூட அவரு எதையும் மறுத்ததில்ல. இப்பத் திடீர்னு மாட்டேங்கிறாருன்னா, அது அவரு இயல்பு இல்லைன்னுதான் எங்க கணிப்பான் மெஷின் சொல்லுது." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "போன வாரமே சொன்னேன்ல? முன்னாடி எதையாவது மறுத்ததா ஒரே ஒரு பதிவு இருந்தாப் போதும். நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்."

பூங்கோதை அந்த ஒரு வாரமாக அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். தம்பி மறுத்ததே இல்லை என்று யார் சொன்னது? ஊரில் எல்லாரும் ஒப்புமணி கட்டிக்கொண்ட பிறகும் வேண்டாம் என்று நின்றவன் அவன். தினம் காலையில் குழாயின் விதிமுறையை முதலிலிருந்து கடைசிவரை படிப்பான். கண்ணாடிக் கடைக்காரனுக்குப் பொடி எழுத்து ஒரு பொருட்டா? படித்துவிட்டு, திட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் அழுத்துவான். அதற்குள் தண்ணீர் நேரம் முடிந்திருக்கும். குடத்தோடு மாடியேறி அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான்.

அவள் தன் கைத்திரையை மேசைமேல் வைத்தாள். "பாருங்க சார். மணி கட்டிக்கச் சொல்லி எத்தன தடவ கேட்டிருக்காங்க, பாருங்க. ஒண்ணுக்குக் கூட அவன் சம்மதம்னு அழுத்தல."

அருள்தாஸ் நிதானமாக எல்லாவற்றையும் பார்த்தார். தள்ளித் தள்ளிப் பார்த்தார். உண்மையாகவே ஏதாவது கிடைக்காதா என்று தேடுகிற மாதிரிதான் இருந்தது.

"எல்லாம் 'பிறகு'ன்னு இருக்கேம்மா."

"வேற என்ன சார் பண்ணுவான்? வேண்டாம்னு அழுத்த அதுல இடமே இல்லையே!"

"புரியுது. ஆனா பிறகுன்னா தள்ளிப் போட்டதா அர்த்தம். மறுத்ததா ஆகாது. கடைசியில பாருங்க, போன வருஷம் ஆடி மாசம் அவரே சம்மதம் குடுத்து மணி கட்டியிருக்காரு. பிறகுன்னாரு, பிறகு கட்டிக்கிட்டாரு. எல்லாம் சரியாத்தான இருக்கு?"

பூங்கோதை கைத்திரையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அந்த ஆடி மாசத்தைத்தான் அவள் மூன்று வாரமாகத் தொடாமல் சுற்றி வந்துகொண்டிருந்தாள். வேறு ஏதாவது கிடைத்துவிடும், இதைச் சொல்லாமலே தம்பியை மீட்டுவிடலாம் என்று நம்பினாள். சொன்னால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்ற வெட்கம்தான். வேறொன்றுமில்லை.

அறையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் இளம்பரிதி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இளைத்துப் போயிருந்தான். அக்காவைப் பார்த்துக் கையசைத்தான். அவள் பார்வை சுவரில் இருந்த கடிகாரத்துக்குப் போய்த் திரும்பியது.

"சார், அந்தச் சம்மதம் அவன் குடுத்தது இல்ல."

"என்னம்மா சொல்றீங்க?"

"குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணி மயக்கத்துல கெடந்தான். தெனம் தண்ணிக்கும் பாலுக்கும் அவனோட போராடி எனக்கு அலுத்துப்போச்சு சார். கடையில நாள் பூரா நின்னுட்டு வந்து, அவன் வீட்டுக் கதவு திறக்கலைன்னா அதுக்கும் நான்தான் போகணும். அவன் விரலப் பிடிச்சு நான்தான் அழுத்தினேன். ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் கட்டி விடறாங்கன்னு அவன்கிட்ட பொய் சொன்னேன்."

அருள்தாஸ் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். முதன்முறையாக அவர் முகத்தில் களை வந்தது. "இத மொதல் நாளே சொல்லியிருக்கலாமே! அது அவரோட மணியே இல்லைன்னு ஆயிடுமே! அது குடுத்த சம்மதம் ஒண்ணுகூடச் செல்லாதே!" சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். "ஆனா யோசிச்சுக்கோங்க. வாக்குமூலப் பதிவான்ல சொல்லிட்டா உங்க பேர்ல வந்து நிக்கும். அடுத்தவங்க சம்மதத்தக் கையாண்டதா."

"அத அப்புறம் பாத்துக்கலாம் சார்."

பதிவானின் சிவப்புக் கண்ணுக்கு முன்னால் நின்று அவள் மறுபடி எல்லாவற்றையும் சொன்னாள். விரலைப் பிடித்ததைச் சொல்லும்போது குரல் உடைந்தது. ஏதோ ஓர் இயந்திரத்துக்கு முன்னால் அழுகிறோமே என்று எரிச்சலும் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இளம்பரிதியின் மணிக்கட்டில் இருந்த மணி அணைந்து, கயிறு தானாக அவிழ்ந்து விழுந்தது. கதவு திறந்தது.

அவன் வந்து அவள் எதிரே நின்றான். அங்கே உட்கார்ந்தபடி அவள் சொன்னதையெல்லாம் கேட்டிருந்தான்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து வந்து குழாயத் திறந்தேன்க்கா. உடனே தண்ணி வந்துச்சு. அப்பவே எனக்குச் சந்தேகம்தான்."

"அப்பறம் ஏன்டா கேக்கல?"

"தாகமா இருந்துச்சு" என்றான்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "வா, போலாம்" என்று அவன் கையைப் பிடித்தாள். அப்போது அவளுடைய மணிக்கட்டு பச்சையாக மின்னியது.

"சம்மதித்ததற்கு நன்றி" என்றது மேசைமேல் இருந்த திரை.

அருள்தாஸ் திரையைப் பார்க்கவில்லை. அதில் என்ன வந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். "அழைப்பு வந்துருக்கும்மா உங்களுக்கு. ஒரு வாரம்தான்."

"எனக்கு வேண்டாம் சார்" என்றாள் பூங்கோதை. பந்தியில் இன்னொரு கரண்டி சாதத்துக்குச் சொல்வது மாதிரி, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அவர் ஆறிப்போன காபியை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு கேட்டார். "இதுக்கு முன்னாடி எதையாவது மறுத்த பதிவு இருக்காம்மா?"

இளம்பரிதிக்கு வந்ததே கோபம். "பதிவா? எங்கக்கா பொழுதுக்கும் வேண்டாம்னுதான் சார் சொல்லியிருக்கா! ஒரு முட்டை இருந்தா எனக்கு வேண்டாம் நீ தின்னும்பா. தீவாளிக்குப் புடவை வேண்டாம்பா. நான் படிச்சிட்டிருக்கேன்னு வந்த மாப்பிள்ளைய வேண்டாம்னா. கடையில முதலாளியே ஸ்டூல் போட்டாலும் வேண்டாம்னு நிப்பா. அவ வாயில வேற வார்த்தையே வந்ததில்ல சார்!"

"அதெல்லாம் எங்கயாச்சும் பதிவாயிருக்கா?" என்றார் அருள்தாஸ். கிண்டலாகக் கேட்கவில்லை. இருந்தால் நன்றாக இருக்குமே என்றுதான் கேட்டார்.

பூங்கோதை பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நல்ல மெத்தை வைத்த நாற்காலி. கால் இரண்டும் விண்விண் என்று தெறித்தன. கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீ போடா. பால் திரிஞ்சிரும்."

"அக்கா, நான் தேடிக் கொண்டுவரேன். எங்கயாவது இருக்கும். பழைய சாமான்ல, பழைய ஃபோன்ல, மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்ட, எங்கயாவது ஒண்ணாவது இருக்கும். அடுத்த வியாழனுக்குள்ள வந்துடறேன்."

அவன் வாசலுக்கு ஓடினான். வாசல் திறக்கவில்லை. கையில் மணி இல்லாதவனுக்கு எப்படித் திறக்கும்? கதவின் திரையில் 'வெளியேறும் விதிமுறைகள்' என்று எழுத்து ஓடியது. பொடி எழுத்து, பக்கம் பக்கமாக. கீழே பச்சையில் பெரிதாக ஒரு பொத்தான். ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று.

பழக்கம் விடவில்லை. முதல் வரியைப் படிக்க ஆரம்பித்தான். இரண்டாவது வரியில் திரும்பிப் பார்த்தான். அக்காவின் நாற்காலியை யாரோ உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் தூங்கிவிட்டாளோ என்னவோ, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அடுத்த வியாழனுக்குள் எவ்வளவோ வேலை கிடக்கிறது, இங்கே நின்று படித்துக்கொண்டிருந்தால் முடியுமா?

படிக்காமல் பச்சையை அழுத்தினான்.

கதவின் பக்கத்தில் ஒரு சின்ன வாய் திறந்து, கயிறு கோத்த புது மணி ஒன்று அவன் உள்ளங்கையில் விழுந்தது. அவன் அழுத்திய அந்த ஒரு சம்மதத்தைப் படித்து முடித்து, ஒருமுறை பச்சையாக மின்னியது.

"சம்மதித்ததற்கு நன்றி" என்று சொல்லி, கதவு திறந்தது.