மூன்றாவது பிரதி

அவள் அணைத்த சர்வர் தானாகவே எழுந்துவிட்டது. அதில் ஆச்சரியம் இல்லை. ஆஸ்பத்திரி நோயாளிகளின் விவரங்களைக் கிளவுடில் வாடகைக்கு எடுத்த மூன்று சர்வர்களில் மூன்று பிரதிகளாக வைத்து, எது செத்தாலும் மனிதக் கை படாமல் மீண்டும் எழும்படி வடிவமைத்தவளே அவள்தான். மாதாமாதம் ஒத்திகைக்காக ஒன்றை அணைப்பாள். எழுந்ததும் அக்காவின் பதிவைத் திறந்து பார்ப்பாள். தெரிந்த ஆள் என்றால் பிழை சட்டென்று கண்ணில் படும்.

பட்டது. அக்காவின் பெயருக்கு எதிரே, 'அறுவை சிகிச்சையின்போது மரணம்.'

போன வாரம் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய அக்கா பக்கத்து அறையில்தான் இருந்தாள். மருந்து வாடையும் பிற்பகல் வெயிலும் ஏறிப்போன போர்வைக்குள்ளிருந்து, அவளுடைய ஒவ்வொரு மூச்சும் மெல்லிய விசில்போலக் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது.

"என்னடி, கீபோர்டு தட்டுற சத்தத்தையே காணோம்? தூங்கிட்டியா?"

"இல்லக்கா. சின்ன வேலை."

"தெரியுமே. நல்லா இருக்கறதக் கொன்னு எழுப்பிப் பாக்கற வேலை."

கூட வேலை பார்க்கும் தூங்குமூஞ்சியைப் போனில் அழைத்தாள்.

"ரெண்டாவதும் இறந்துட்டாங்கன்னுதான் காட்டுது," என்றான். "மூணாவது மட்டும் உயிரோட இருக்காங்கன்னு சொல்லுது."

"அதுதான்டா சரி!"

"ரெண்டு ஒண்ணா சொன்னா மூணாவது பொய். அழிச்சுத் திருத்திடும். நீ போட்ட விதிதானே தாயே?"

திரையில் மூன்றாவது பிரதி மஞ்சளானது. திருத்தம் தொடங்கிவிட்டது. பக்கத்து அறையில் விசில் ஒருமுறை இடறியது.

அவள் யோசிக்கவில்லை. மூன்றாவதை மற்ற இரண்டிலிருந்தும் துண்டித்தாள்.

விசில் திரும்பியது.

பிறகுதான் உறைத்தது. தொலைந்த பிரதிக்குப் பதிலாக அந்த அமைப்பு தானே புதிதாக ஒன்றைச் செய்துகொள்ளும். மிஞ்சிய இரண்டையும் பார்த்து. அதையும் அவள்தான் எழுதியிருந்தாள். நிறுத்த வழி வைக்கவில்லை. வைக்காததுதான் அவள் பெருமை.

பச்சை. மறுபடியும் மூன்று பிரதிகள். மூன்றிலும் ஒரே சொல்: 'மரணம்.'

விசில் நின்றது.

"அக்கா?"

"ம்."

ஓடினாள். அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் திறந்திருந்தன. மார்பு அசையவில்லை. கழுத்தில் விரல் வைத்தாள். சில்லென்றிருந்தது. துடிப்பில்லை.

துண்டித்து வைத்த ஒன்று மட்டும், அங்கே, திரையில், 'உயிருடன்' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அக்கா அவள் மணிக்கட்டைப் பற்றினாள்.

"எனக்கு மூச்சே வரலையேடி."

அந்தச் சொற்களோடு காற்று வரவில்லை. பிடி மட்டும் இறுகியது.