மாஸ்டரின் மூக்குக் கண்ணாடி

காய்ச்சி இறக்கிய பாலை மாஸ்டர் மொத்தமாகத் தொட்டியில் கொட்டினார்.

"கெட்டுப்போச்சு."

கல்லாவில் இருந்த மனைவி ஓடிவந்து பாத்திரத்தின் ஓரத்தை வழித்து நக்கிப் பார்த்தாள். பால் தேனாக இருந்தது.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு காய்ச்சலில் மோப்பம் போய், அடுப்பில் கருகுவதுகூடத் தெரியாமல் தெருவையே புகையில் இருமவைத்த சமையல்காரர் அவர். இப்போது மண்டைக்குள் டாக்டர்கள் பதித்த மயிரிழை மின்கம்பிகள். கண்ணாடியின் நடுவில், வாசனையைப் பிடித்து அவற்றுக்கு அனுப்பும் கடுகளவு கருவி. காலமெல்லாம் கண்ணுக்கு உழைத்துவிட்டு மூக்கின் பெயரில் திரிந்த மூக்குக் கண்ணாடி, ஒருவழியாக மூக்குக்கும் உழைத்தது. மூன்றாம் தெருவில் எவன் வெங்காயம் உரிக்கிறான் என்று சொல்லிவிடுவார். போலீஸ் நாய்களெல்லாம் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வேறு பிழைப்பு தேடியிருக்கும்.

பாலுக்குப் பிறகு முட்டை. பிறகு அன்று வெட்டிய கறி. பிறகு வாசலில் படுத்திருந்த பூனை.

"அதுவும் கெட்டுப்போச்சு" என்று குப்பைத் தொட்டியை மூடி, மேலே கல்லை வைத்தார். உள்ளே வெகுநேரம் எதுவோ சுரண்டிக்கொண்டிருந்தது.

மனைவி பயந்துபோய்த் தன் தம்பியை வரவழைத்தாள். அவனுக்கு எல்லாமே விளையாட்டு.

"என்னக்கா, மாமாவுக்குக் கம்பி சொருகும்போது நட்டைக் கழட்டிட்டாங்களா?" என்றவன் கழுத்தை நீட்டினான். "மாமா, என்னையும் மோந்து பாருங்க. இன்னும் பொண்ணு கிடைக்குமா?"

மாஸ்டர் குனிந்து மோந்தார். கருவியின் பச்சை விளக்கு துடித்தது. அவர் சிரிக்கவில்லை.

"உள்ள ஆரம்பிச்சிடுச்சு, மாப்ள."

மறுநாள் மதியக் கூட்டம் கலைந்து, மேசைகளெல்லாம் துடைத்து, மின்விசிறியின் கிறீச்சு மட்டும் மிச்சமிருந்த நேரத்தில், சமையலறையிலிருந்து கத்தி பலகையில் விழும் சத்தம் நிதானமாக, ஈரமாக வந்துகொண்டிருந்தது. நடுநடுவே குழாய்த் தண்ணீர், பினாயில் வாடை, அந்த வாடைக்கு அடியில் துருப்பிடித்த இரும்பைப் போல இன்னொன்று.

இன்று கறி வரவில்லையே என்று நினைத்தாள்.

எழுந்து போய்ப் பார்த்தாள்.

பலகையில் தம்பியின் கைக்கடிகாரம். கையோடு.

"கெட்டதைத் தனியா எடுத்துடணும்மா. இல்லன்னா பக்கத்துல இருக்கறதும் கெட்டுடும்."

ஓடினாள். ஷட்டர் இறங்கியிருந்தது. பூட்டு. பின்னால் செருப்புச் சத்தம், அவசரமே இல்லாமல். பிடரியில் சூடான மூச்சு. உள்ளே இழுத்தார். இன்னும் இழுத்தார். அந்த ஒரு மூச்சில் அவள் உயிர் தொங்கியது.

"நீ இன்னும் கெடல." குரலில் அப்படியொரு பாசம்.

அவளுக்கு அழுகை முட்டியது. "கெடமாட்டேங்க. சத்தியமா கெடமாட்டேன்."

"நான் கெட விடுவேனா?"

கையைப் பிடித்து அழைத்துப்போனார். குளிரறைக் கதவு திறந்தது. வெண்புகை. கீழ்த்தட்டு காலியாக இருந்தது. வெள்ளைத் துணி விரித்திருந்தது. அவள் நீளத்துக்கு.

"அப்படியே வெச்சுடக் கூடாது. மீன்ல முதல்ல எது கெடும், சொல்லு பாப்போம்?"

அவளுக்குத் தெரியும். குடல்.

வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தார். மெல்லிய கத்தியை எடுத்தார். மீன் கத்தி.

மண்டியிட்டார். அவள் வயிற்றில் மூக்கை அழுத்தி, கண்ணை மூடி, அப்போதுதான் திறந்த பாத்திரத்தின் ஆவியைப் பிடிப்பதுபோல் ஆழமாக இழுத்தார். பச்சை விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. கத்தியின் நுனி, புடவைக்கு மேல் மெதுவாக ஊர்ந்து, தொப்புளுக்குக் கீழே நின்றது.