இரண்டு வரிப் பட்டியல்

சனிக்கிழமை மதியம் அண்ணன் என் மூக்குக்கண்ணாடியின் தளர்ந்த திருகை முடுக்கித் தந்தான். "மூக்கைப் பத்திரமா வச்சுக்க, அதுக்கு ஸ்பேர் கிடையாது" என்றான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவன் வேலை போயிற்று. வியாழக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை.

ஒரு மருத்துவமனையின் கணினி அறையில் பதினோரு ஆண்டு வேலை பார்த்தவன். அங்கே சேமித்திருந்த மூன்று வருட ஸ்கேன் படங்கள் ஞாயிறன்று அழிந்துபோயின. அண்ணன்தான் காரணம் என்று அவனுடைய மேற்பார்வையாளர் புகார் எழுதினார். ஏழு பேர் குழு இருபது நிமிடத்தில் கையெழுத்துப் போட்டது. அண்ணனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புகார் போலீசுக்கும் போயிருந்ததால் அடுத்த வாரம் கணினிக் குற்றப் பிரிவு ஆய்வாளர் மருத்துவமனைக்கு வந்தார். நானும் போயிருந்தேன். ஒடிசலான அம்மாள், துறையில் 'சல்லடை' என்று பட்டப்பெயர். ஆள்தான் இறந்துவிட்டாரே, கோப்பை மூடிவிடலாம் என்றார் மேற்பார்வையாளர்.

"செத்தவன் எதிர்த்துப் பேச மாட்டான்னு தைரியமா சார்?" என்று கேட்டேன்.

சல்லடை என்னை உட்காரச் சொன்னார். கோப்பை மூடவில்லை.

அந்த இயந்திரத்தில் மூன்று டிஸ்குகள். முதலாவது இயந்திரம் ஓடுவதற்கு. இரண்டாவது தற்காலிகக் கோப்புகளுக்கு. மூன்றாவதில் ஸ்கேன் படங்கள். ஞாயிறுதோறும் காலை 6.10க்கு அண்ணன் எழுதிய நிரல் தற்காலிக டிஸ்கைத் தானாகவே காலி செய்யும். அதில் அவன் குறித்திருந்த பெயர் 'எஸ்டிபி'.

அது டிஸ்கின் சொந்தப் பெயர் அல்ல. கண்விழிக்கும்போது இயந்திரம் வரிசைப்படி வைக்கும் பெயர். இரண்டாவதாகக் கண்ணில் படுவது எதுவோ அதுதான் எஸ்டிபி. சொந்தப் பெயர் டிஸ்குக்குள்ளேயே லேபிளாக எழுதியிருக்கும். எங்கே போனாலும் கூடவே போகும். அண்ணன் லேபிளைக் குறித்திருக்க வேண்டும். அது அவன் தவறுதான், மறைக்கமாட்டேன். ஆனால் பதினோரு ஆண்டில் யாரும் அந்த வரிசையைக் கலைக்கவில்லை.

புதன்கிழமை, காலை 11.00. கணினி அறை. மேற்பார்வையாளர், சல்லடை, நான்.

புகாரோடு மேற்பார்வையாளர் இணைத்திருந்த அச்சுத்தாளைச் சல்லடை மேசையில் வைத்தார். அந்தத் திங்கட்கிழமை காலை இயந்திரத்திலிருந்த டிஸ்குகளின் பட்டியல் அது. இரண்டாவது வரியில் எஸ்டிபி, பக்கத்தில் ஸ்கேன் படங்களின் லேபிள்.

"இதுதான் உங்க ஆதாரமா சார்?"

"ஆமா மேடம். எஸ்டிபியில படம் இருக்கு. அவன் எஸ்டிபியை அழிக்கச் சொல்லி எழுதிவச்சிருக்கான். இதுக்கு மேல என்ன வேணும்?"

"திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"ஒன்பதுக்கு."

"தாள் மூலையில 7.40ன்னு அச்சாகியிருக்கே?"

அவர் தாளை எடுத்து மூலையைப் பார்த்தார்.

"சரி, போகட்டும். இதுல எத்தனை வரி இருக்கு, எண்ணிச் சொல்லுங்க."

அவர் எண்ணவில்லை. நான் எண்ணினேன். இரண்டு.

மூன்று டிஸ்க் இருக்கும் இயந்திரத்துக்கு இரண்டு வரிப் பட்டியல். ஏழு பேரும் இரண்டாவது வரியைப் படித்தார்கள். மூன்றாவது எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. படித்தவர்கள், ஏழு பேர்.

மிச்சத்தைச் சல்லடை சொன்னார். சனி மாலை 6.20க்கு ஒருமுறை, திங்கள் காலை 7.52க்கு ஒருமுறை இயந்திரம் நிறுத்தி எழுப்பப்பட்டிருந்தது. சனிக்கிழமையே தற்காலிக டிஸ்கைக் கழற்றியதால் ஸ்கேன் டிஸ்க் ஓரிடம் முன்னேறி எஸ்டிபி ஆகிவிட்டது. ஞாயிறு காலை நிரல் தன் வேலையைச் செய்தது.

"தற்காலிக டிஸ்கைத் திறந்து பாத்தேன். ஞாயித்துக்கிழமை காலியாகியிருக்கணும். சனிக்கிழமைக் கோப்பெல்லாம் அப்படியே இருக்கு. அன்னிக்கு அது இங்கே இல்லை. எங்கே இருந்துச்சு சார்? உங்க வீட்டுக் கணினி சொல்லட்டுமா? மாட்டின டிஸ்கோட அடையாளம் அதுல பதிஞ்சிருக்கும்."

மேற்பார்வையாளர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வீட்டு வீடியோக்களைப் பிரதி எடுக்க இரண்டு நாளுக்குத்தான் கொண்டுபோனாராம். திங்கள் காலை வந்ததும் படங்கள் போனதைப் பார்த்தார். டிஸ்கைத் திரும்ப மாட்டுவதற்கு முன்பே பட்டியலை அச்செடுத்தார்.

"இப்படி ஆகும்னு நினைக்கலை மேடம்" என்றார்.

"அச்செடுக்கும்போது நினைச்சீங்களே சார்" என்றார் சல்லடை.

அவர்மேல் வழக்கு நடக்கிறது. ஏழு பேரில் ஒருவரும் என் வீட்டுப் படியேறவில்லை. இரண்டு மனு கொடுத்துவிட்டேன். பணிப்பதிவேட்டில் அண்ணனின் கடைசி வரி இன்றும் 'கவனக்குறைவு, பணிநீக்கம்' என்றே இருக்கிறது.