ஓட்டை டின்களில் மிதந்த தரை

மழை வந்தால் பம்பாய்த் தாராவியில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் 1964ஆம் வருஷம், வானம் கறுக்கக் கறுக்கப் பத்து வயதுப் பூமாரிக்கு மட்டும் கவலை ஏறியது.

காரணம் ஜெயசீலி. இருவரும் நகமும் சதையும்போல. ஜெயசீலியின் வீடு சந்தின் கடைசியில், ஓடையை ஒட்டி இருந்தது. அந்த ஓடை கடலில் போய்ச் சேர்வது. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் கடல் பொங்கும். அன்றைக்கென்று மழையும் கொட்டினால், ஓடைத் தண்ணீர் கேட்காமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வந்து முழங்காலைத் தொடும்.

போன வருஷம்வரை அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து கதை பேசினார்கள். இந்த வருஷம் வீட்டுக்குப் புதிதாக ஓர் ஆள் வந்திருந்தான். ஜெயசீலியின் தம்பி. இன்னும் தலைகூட நிற்கவில்லை.

"தண்ணி உள்ள வந்தா அம்பர்நாத்துக்குப் போயிருவோம்ட்டி," என்றாள் ஜெயசீலி. "ரொம்பத் தூரத்துல இருக்க பெரியப்பா வீட்டுக்கு. அப்பா சொல்லிட்டாவ."

"மழை விட்டதும் வந்துருவீங்கல்லா?"

"இல்ல. அங்கனயே பள்ளிக்கூடத்துல சேத்துருவாவளாம்."

அன்று பூமாரிக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீரிடம் போய் 'வராதே' என்று சொல்ல யாரால் முடியும்?

மறுநாள் குழாயடிக்குப் போனாள். பக்கத்துப் பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிறைந்திருந்தது. அதில் ஒரு காலி டால்டா டின் மிதந்தது. டின்மேல் ஒரு தவளை ராஜாவைப்போல உட்கார்ந்திருந்தது. பள்ளத்தில் எவ்வளவு தண்ணீர் ஏறினாலும் அதற்கு என்ன கவலை?

பூமாரி குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். நேரே டின் அடைக்கும் கரீம் பாட்சாவின் பட்டறைக்கு.

"பாட்சா மாமா, டின்னு மெதக்குதுல்லா. டின்னு மேல வீட்டுத் தரைய வச்சா அதுவும் மெதக்குமா?"

"தரை எங்கயாவது மெதக்குமா புள்ள?"

"பலகைத் தரைன்னா?"

கரீம் பாட்சா தாடியைச் சொறிந்தார். பிறகு ஒரு டின்னின் வாயை ஈயம் வைத்து அடைத்தார். அதன்மேல் ஒரு பலகையைக் கட்டினார். பலகையின்மேல் தம் சேவலை ஏற்றிப் பள்ளத்தில் விட்டார். பலகை பட்டென்று கவிழ்ந்தது. நனைந்து கரையேறிய சேவல் பூமாரியை முறைத்தது.

"ஒத்தக் கால்ல நின்னா யாரும்தான் விழுவாங்க," என்றாள் பூமாரி. "நாலு மூலையிலயும் டின்னு வைங்க மாமா."

வைத்தார். இந்த முறை சேவல் நடுவில் நின்று கூவியது.

ஒரு சேவலுக்கு நாலு டின் என்றால் ஒரு குடும்பத்துக்கு எத்தனை? நல்ல டின்னில் எல்லாரும் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். அதைக் கேட்டால் அடிதான் விழும். ஆனால் ஓட்டை டின் எல்லா வீட்டு மூலையிலும் சும்மா கிடந்தது. பூமாரியும் ஜெயசீலியும் வீடு வீடாகக் கேட்டார்கள்.

ஜெயசீலிக்கு அடுத்த வீட்டு மீனாட்சியம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "அவ தம்பிக்கு நான் எதுக்கு டின்னு குடுக்கணும்? எங்க வீட்டுக்குள்ளயும்தான் தண்ணி வருது. என் பேத்தி என்ன மீன் குஞ்சா?"

பூமாரி ஒரு கணம் யோசித்தாள். அவள் சொன்னது நியாயம்தானே.

"அப்ப பெருசா செய்வோம் அத்தை. தண்ணி வந்தா சந்துல உள்ள கைப்பிள்ளைங்க எல்லாத்துக்கும் அதுதான் வீடு. உங்க அரிசிப் பானைக்கும் இடம் உண்டு."

மீனாட்சியம்மாள் உள்ளே போய் இரண்டு டின்களோடு வந்தாள். "ஒண்ணு பேத்திக்கு. ஒண்ணு அரிசிக்கு."

இந்தப் பேச்சு சந்து முழுவதும் பரவ, டின்கள் குவிந்தன. கரீம் பாட்சா எல்லாவற்றையும் அடைத்துக் கொடுத்தார். ஜெயசீலியின் அப்பா தனசீலன், தாம் வேலை பார்க்கும் தோல் பட்டறையிலிருந்து உடைந்த பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்தார். தரை தயாரானது. அதை வீட்டுக்குள் போட்டு, நான்கு மூலைத் தூண்களோடும் இழுத்துக் கட்டினார் தனசீலன். அவர் வானம் பார்த்த பூமியில் பிறந்தவர். கடல் ஏறி இறங்கும் கணக்கு அவருக்கு எங்கே தெரியும்? ஆட்டை முளையில் கட்டுவதுபோலக் கட்டிவிட்டார்.

"இனி எங்கயும் ஓடாது," என்றார் பெருமையாக.

பௌர்ணமி வந்தது. அன்று மத்தியானம் மழையும் கொட்டியது. ஓடை வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது, பிறகு நுழைந்தது. சந்தே வாசலில் கூடி நின்றது. தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது. பலகைக்கு மேலும் ஏறியது. தரை அசையவே இல்லை.

"டின்னு எல்லாம் ரொம்பிட்டு போல," என்றார் தனசீலன். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

ஜெயசீலியின் அம்மா லூசியம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஜெயசீலி, உன் புஸ்தகத்த எல்லாம் எடுத்து வையி," என்றாள். ஜெயசீலி அழுதுகொண்டே எடுத்து வைத்தாள்.

பூமாரிக்கும் அழுகை முட்டியது. ஆனாலும் தண்ணீரில் உட்கார்ந்து ஒரு டின்னைத் தட்டிப் பார்த்தாள். டங்கென்றது. உள்ளே காலிதான். கயிற்றைத் தொட்டாள். அது விண்ணென்று இருந்தது. கையை வெளியே எடுத்து உயர்த்தியபோது, அவளுடைய கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கம் சரிந்தன. அவள் அவற்றையே பார்த்தாள். கையை விட்டுப் போகவும் இல்லை, ஒரே இடத்தில் நிற்கவும் இல்லை.

"மாமா, டின்னு மேல தப்பில்ல. அது எந்திரிக்கத்தான் பாக்குது. கயிறு விட மாட்டேங்குது," என்றாள். "தூணைச் சுத்தி லூசா கட்டுங்க. வளையல் மாதிரி."

தனசீலன் ஒரு முடிச்சை அவிழ்த்தார். அந்த மூலை தொபுக்கென்று மேலே வந்தது.

பிறகு கேட்க வேண்டுமா? நான்கு மூலையிலும் கயிற்றைத் தூணைச் சுற்றித் தளர்வான வளையமாகப் போட்டார். வளையம் வழுக்கி ஏறட்டும் என்று, பட்டறையில் தோலுக்குப் பூசும் கொழுப்பைத் தூண்களில் தடவினார். தண்ணீர் ஏற ஏறத் தரையும் தூண்களைப் பிடித்தபடி ஏறியது. சந்துப் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் மழைச் சத்தம் கேட்கவில்லை.

லூசியம்மாள் குழந்தையோடு முதலில் ஏறினாள். பின்னாலேயே மீனாட்சியம்மாளின் பேத்தி வந்தாள், இன்னும் மூன்று கைக்குழந்தைகள் வந்தார்கள், அரிசிப் பானைகள் வந்தன. கரீம் பாட்சாவின் சேவல் யாரும் கூப்பிடாமலே பறந்து வந்து உட்கார்ந்தது. தரை மெல்ல ஆடியது. ஒவ்வொரு குழந்தையாகத் தூங்கிப்போயிற்று.

சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. தரை இறங்கிப் பழைய இடத்தில் பொத்தென்று உட்கார்ந்தது. உடனே ஜெயசீலியின் தம்பி விழித்துக்கொண்டு வீறிட்டான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"ஆட்டம் நின்னுட்டுல்லா, அதான்," என்றாள் லூசியம்மாள் சிரித்தபடி.

ஜெயசீலி புத்தக மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்பா, மறுபடி எப்ப தண்ணி வரும்?"

தனசீலன் மகனைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மகளையும் பூமாரியையும் பார்த்தார்.

"அமாவாசைக்கு வரும். அதுவரைக்கும் இவன நீங்க ரெண்டு பேரும்தான் ஆட்டணும்."

பூமாரியும் ஜெயசீலியும் போட்டி போட்டுக்கொண்டு தொட்டில் கயிற்றைப் பிடிக்க ஓடினார்கள்.