தொக்தோசுன் கடித்த ரொட்டி

போரில் வென்றதைக் கொண்டாடும் வெற்றி நாளுக்கு முந்தைய நாள் மத்தியானம் நாரின் நகரத்தில் பஸ் பிடித்து, ஊரில் அப்பாவின் வீட்டு வாசலில் போய் நின்றேன். வருஷா வருஷம் போவதுதான். பதக்கங்களைத் துடைத்து, கோட்டுக்கு இஸ்திரி போட்டு, தொண்ணூற்றேழு வயது மனிதரை மேடையில் உட்கார வைக்க வேண்டும். ஊரில் மிஞ்சிய ஒரே போர்வீரர் அவர்.

உள்ளே சுட்ட ரொட்டி வாசனை. அடுப்போ ஜில்லென்று கிடந்தது.

"வந்ததும் வராததுமா என்ன யோசனை? ஒரு வாய் போட்டுக்கம்மா, ஜூராகான்."

அப்பா ஒரு துண்டை நீட்டினார். எங்கள் பக்கம் ரொட்டியை யாரும் வேண்டாம் என்பதில்லை. வாயில் போட்டேன். சூடாக இருந்தது.

"யாரு சுட்டது? எனக்குத் தெரியாம கல்யாணம் கில்யாணம் பண்ணிக்கிட்டீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. நான் விழுங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் சுவரைப் பார்த்தேன்.

பழைய ஆணியில் ஒரு ரொட்டி தொங்கியது. ஒரு பக்கம் எனக்காகப் பிட்ட இடம். மறுபக்கம் ஒரு கடி. பல்தடத்தின் நடுவே ஒரு பல் குறைந்திருந்தது. அப்பாவுக்கோ வாயில் ஒரு பல்லும் கிடையாது.

போருக்குப் போகிறவன் ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுப் போவான். அவன் திரும்பி வந்து தின்னும்வரை மிச்சம் ஆணியில் தொங்கும். வேறு யாரும் தொடக் கூடாது. இந்த ஆணியை அடித்தது என் அம்மா புர்மாகான், முன்பல் ஒன்று இல்லாத முதல் புருஷன் தொக்தோசுனுக்காக. இந்த வீடும் அவருடையதுதான். அவரும் அப்பாவும் ஒரே வண்டியில் போருக்குப் போனார்கள். அப்பா மட்டும் திரும்பினார். தொக்தோசுன் எதிரியோடு சேர்ந்துவிட்டான் என்றார்.

அம்மா நம்பவில்லை. ரொட்டி தொங்குகிறவரை அவர் வருவார் என்று ஆறு வருஷம் காத்திருந்தாள். ஒரு நாள் ரொட்டியைக் காணவில்லை. எலி தின்றுவிட்டது, இனி அவர் இல்லை என்று அழுது தீர்த்தாள். பிறகு அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

"அன்னைக்கு அந்த ரொட்டியத் தின்னது எலி இல்லம்மா," அப்பா என்னிடம் கிசுகிசுத்தார். "நான்தான் தின்னேன்."



"அவன் எங்கயும் ஓடல. கால்ல குண்டு பட்டு பனியில கெடந்தான். 'சாதிர்குல், விட்டுட்டுப் போகாதடா'ன்னு கத்தினான். நான் திரும்பிப் பாக்கல."

"அடப்பாவி மனுஷா! அவருக்காக ஒரு துஆ ஓத அம்மாவ விட்டீங்களா? துரோகி துரோகின்னு வாயடைச்சீங்களே!"

"அவன் ரொட்டியத் தின்ன அன்னையிலேருந்து வருஷா வருஷம் இதே நாள் ரொட்டி வந்துடுது. தின்னா சாவு வராது. தின்னலன்னா வெளிய அவன் நடக்குற சத்தம் நிக்காது. என் வயசுக்காரன் எல்லாம் போய்ச் சேந்துட்டான். வேற ஒரு வாய் தின்னாத்தான் என்னை விடுவான்."

"வேற ஒரு வாயா?"

அவர் என் வாயைப் பார்த்தார்.

"நான் நீங்க பெத்த பொண்ணுப்பா!"

"மன்னிச்சுக்கம்மா. ரொம்பக் களைச்சுப் போயிட்டேன்."

பட்டப்பகல். முற்றத்துச் சரளையில் ஒரு கால் ஊன்றியது.

இன்னொரு கால் இழுபட்டது.

அப்பாவின் ஜன்னலைத் தாண்டி, நான் நின்றிருந்த ஜன்னலருகே வந்து நின்றது.

மறுநாள் மேடையில் அவர் நாற்காலி காலியாக இருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார், முகத்தில் அப்படியொரு நிம்மதி. ஊரே அழுதது. எனக்குக் கண்ணீர் வரவில்லை, வயிறுதான் எரிந்தது.

நான் அந்த ரொட்டியைத் தின்று இன்றோடு ஒரு வருஷம். நாரினில் என் வீட்டுச் சுவரில் நான் ஆணியே அடித்ததில்லை. காலையில் ஒன்று இருந்தது. ரொட்டியும்.

மத்தியானம் மகள் போன் செய்தாள். "அம்மா, கிளம்பிட்டேன். நல்ல பசி. சாப்பிட என்ன இருக்கு?"

மாடிப்படியில் யாரோ காலை இழுத்து இழுத்து ஏறிக்கொண்டிருந்தார்.

"வராதடி," என்றேன். "இந்த நாள்ல மட்டும் எங்கிட்ட வரவே வராத."

போனை வைத்துவிட்டு ரொட்டியை இறக்கினேன். இன்னும் சூடாக இருந்தது. கடைசித் துணுக்கு வரை நானே தின்றேன்.

படியில் சத்தம் நின்றது.