ஈரமணல் செட்டிங்

மிஷின் திடீரென்று வாயை மூடிக்கொண்டதுதான் விருத்தாசலத்துக்குப் பிடிக்கவில்லை. கார்த்திகை வெள்ளத்தில் பெண்ணையாறு அவன் கரும்பு வயலில் கொட்டிவிட்டுப் போன மணலின் மேல், திண்டிவனத்தில் வாடகைக்கு எடுத்த மெட்டல் டிடெக்டர் காலையிலிருந்து ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. கருமணலில் ஒரு கத்தல், ஈரம் ஊறிய இடத்தில் வேறொரு கத்தல். கருவேல முள்ளோரம் வந்ததும் ஒன்றுமில்லை. அழுகிய கரும்பின் புளிப்பு வாடை மட்டும் இருந்தது.

"எடம் மாறனா செட்டிங் மாத்தணும்னு எத்தினி வாட்டி சொல்றது மாமா?" வரப்பில் உட்கார்ந்திருந்த மச்சான் தென்னரசு கத்தினான். "அடியில இருக்கற வட்டக் காயில தூக்கித் தூக்கி எறக்கு. மண்ணு சத்தம் அடங்கனதும் தேடு. நீ இன்னாடான்னா பரம்படிக்கிற மாதிரி இழுத்துக்கினு போற."

"அதுவா அடங்கிப்போச்சுடா."

"அப்ப நல்லதுதான். நான் தண்ணி புடிச்சாறேன்."

அவன் மோட்டார் கொட்டகைப் பக்கம் போனான். அவனுடைய அக்கா, விருத்தாசலத்தின் மனைவி பாஞ்சாலி, வெள்ளம் வந்த அன்று மாட்டை அவிழ்த்துவிடப் போனவள், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கழுத்துத் தாலி கிடக்கும் இடத்தில்தான் அவள் கிடப்பாள். எடுத்து எரித்துவிட்டால் தூங்கலாம். விருத்தாசலத்துக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இரண்டடி தள்ளிக் காயிலை மணலுக்கு மேல் இடவலமாக வீசினான். மெல்லிய, வழவழப்பான ஒலி. தங்கத்தின் ஒலி. திரையில் ஆழம் ஆறு அங்குலம்.

ஓர் அடி தோண்டினான். எதுவும் இல்லை. காயிலை உள்ளே விட்டான். ஆறு அங்குலம்.

செட்டிங் தவறாக இருக்கும். ஈரமணலை மாற்றி உலர்மணல் வைத்தான். பிறகு செம்மண். உணர்திறனைப் பாதியாகக் குறைத்தான், இன்னும் குறைத்தான். மண்ணுக்கு ஏற்றபடி எண் மாறும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மாறவில்லை. மறுபடியும் தோண்டினான். முழங்கால் ஆழம், தொடை ஆழம். உள்ளங்கை எரிந்தது. குழியில் நீர் ஊறி, காலைச் சுற்றி மணல் இறுகியது. ஆறு அங்குலம்.

அவன் தோண்டத் தோண்ட அது இறங்கிக்கொண்டிருந்தது.

மண்வெட்டியைப் போட்டான். காயிலை மணல்மேல் வைத்துக் கையை எடுத்தான். அசைந்தால்தான் இந்த மிஷின் ஒலிக்கும்.

யாரும் அசைக்கவில்லை. ஒலித்தது.

திரையில் ஐந்து.

ஓட வேண்டும். ஆனால் அது பாஞ்சாலி.

நான்கு.

"பாஞ்சாலி," என்றான், மூச்சுக்குள்.

ஒன்று.

"மாமா, இன்னா ஒன் சத்தத்தையே காணோம்?" கொட்டகையிலிருந்து தென்னரசு.

விருத்தாசலம் மணலில் இறுகிய காலை இழுத்தான். கால் வரவில்லை. காயில் ஒருபக்கமாகச் சாய்ந்தது. மணல் மெல்ல விரிந்து, நனைந்த மஞ்சள் கயிறு மேலே வந்தது. அதன் கீழே மணல் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது, ஏதோ சொல்ல வந்து எச்சில் விழுங்கும் தொண்டையைப் போல.